முதல் வீடு: வேலைக்காகச் சென்னை வருவோரின் வாழிடத் தேர்வு

1. கேள்வி

வேலை கிடைத்து ஊர் மாறும் ஒருவர், தம் வாழ்வின் பெரிய செலவுகளில் ஒன்றை, புதிய ஊரைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்திருக்கும் நாளில் ஒப்புக்கொள்கிறார். பணியில் சேரவேண்டிய தேதி கடிதத்தில் அச்சாகியிருக்கிறது. நண்பரின் அறையில் நெடுநாள் தங்க முடியாது. புரோக்கர் காட்டும் நாலைந்து வீடுகளில் ஒன்றுக்கு அன்று மாலைக்குள் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். மதுரையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வரும் இளைஞர் சோழிங்கநல்லூருக்கும் மேடவாக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அலைபேசி வரைபடத்தில்தான் பார்த்திருப்பார். வரைபடம் தூரத்தைச் சொல்லும். கார்த்திகையில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், சித்திரையில் போர் தண்ணீர் எந்த நிறத்தில் வரும், மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் யாரையெல்லாம் மறுத்துவிட்டு இவருக்குச் சாவி கொடுத்தார் என்பதையெல்லாம் அது சொல்லாது.

நகரப் பொருளியல் இந்தச் செயலை ‘வாழிடத் தேர்வு’ என்கிறது. இதில் தேர்வின் பங்கு உண்மையில் எவ்வளவு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முதல் வீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதைவிட, அது தவறாகப் போனால் மாற்றிக்கொள்ள முடிவதே ஒருவரின் நிலையைத் தீர்மானிக்கிறது என்று வாதிட விரும்புகிறேன். அந்த மாற்றும் வசதி சாதி, மதம், பால், கையிருப்பு ஆகியவற்றுக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் கிடைக்கிறது. சென்னையின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள இரண்டு வேலைப் பகுதிகளை, அதாவது பழைய மகாபலிபுரம் சாலையையும் ஸ்ரீபெரும்புதூரையும், இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

வில்லியம் அலான்சோ 1964இல் வெளியிட்ட நிலப்பயன்பாடு பற்றிய நூலும், அதன்பின் ரிச்சர்ட் மூத், எட்வின் மில்ஸ் ஆகியோர் விரித்த மாதிரியும் இத்துறையின் அடித்தளம். நகரத்தின் நடுவே வேலை இருக்கிறது. விலகிச் செல்லச் செல்ல வாடகை குறைகிறது, பயணச் செலவு கூடுகிறது. இரண்டும் சமன்படும் இடத்தில் குடும்பம் குடியேறுகிறது. சார்லஸ் டிபூ 1956இல் வேறொரு கோணத்தைச் சேர்த்திருந்தார். தங்களுக்குப் பிடித்த வரியும் வசதியும் உள்ள உள்ளாட்சியை நோக்கி மக்கள் நகர்கிறார்கள், அந்த நகர்வே ஒருவகை வாக்களிப்பு என்றார்.

இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் திருவான்மியூரிலிருந்து கேளம்பாக்கம் நோக்கித் தெற்கே போகப் போக வாடகை இறங்குவதை வீடு தேடிய எவரும் அறிவர். ஆனால் இந்த மாதிரி சில எடுகோள்களின்மேல் நிற்கிறது. நகரத்துக்கு ஒரே மையம், குடும்பத்தில் ஒரே வேலை, வீடு தேடுபவருக்கு எல்லாம் தெரியும், வீடு மாறச் செலவில்லை, காசு கொடுப்பவர் எவருக்கும் எந்த வீடும் கிடைக்கும். சென்னையில் இவற்றில் எதுவும் பொருந்துவதில்லை. டிபூவின் கருத்துக்கும் அதே கதிதான். சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது சோழிங்கநல்லூர் உள்ளே வந்தது. நாவலூரும் சிறுசேரியும் வெளியே நின்றன. வீட்டின் முன் குப்பைவண்டி வருமா என்பதையே தீர்மானிக்கும் எல்லை அது. ஆயினும் வீடு பார்க்க வரும் நாளில் எத்தனை பேர் அதை விசாரிக்கிறார்கள்?

பயணத்தைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் பயனுள்ளவை. புரூனோ ஃப்ரையும் அலாய்ஸ் ஸ்டட்சரும் ஜெர்மானியக் குடும்பங்களின் நீண்டகாலத் தரவை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரை ஒரு முரணைக் காட்டியது. பொருளியல் கோட்பாட்டின்படி, தொலைவிலிருந்து வேலைக்குப் போகிறவருக்கு நல்ல சம்பளமோ நல்ல வீடோ கிடைத்து அந்தச் சிரமம் ஈடாகியிருக்க வேண்டும். ஆனால் நெடும்பயணம் செய்பவர்கள் தங்கள் வாழ்வில் குறைவான நிறைவையே தெரிவித்தனர். பெரிய வீடு தரும் மகிழ்ச்சியை முன்கூட்டியே மிகையாகவும், அன்றாட நெரிசல் தரும் சோர்வைக் குறைவாகவும் மதிப்பிடுகிறோம் என்பது இதற்கான விளக்கங்களில் ஒன்று. எனக்கு மற்றொரு விளக்கமும் தேவை என்று படுகிறது. தவறு தெரிந்தபின்னும் அவர்கள் ஏன் இடம் மாறவில்லை?

ஒரு காரணம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. கணவருக்குச் சிறுசேரியிலும் மனைவிக்கு அம்பத்தூரிலும் வேலை என்றால் இருவருக்கும் பொதுவான ‘சமன்படும் இடம்’ எது? நடைமுறையில் யாருடைய பயணம் நீள்கிறது என்பதைச் சம்பளமும் வீட்டு அதிகாரமும் தீர்மானிக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண்களின் இடப்பெயர்வுக்கு வேலையும் பெண்களின் இடப்பெயர்வுக்குத் திருமணமும் முதன்மைக் காரணங்களாகப் பதிவாகின்றன. திருமணமாகி வந்து, பின்னர் வேலை தேடிக்கொண்ட பெண் அந்தப் பட்டியலில் வேலைக்காக வந்தவராக இருப்பதில்லை. அவருடைய வேலைக்கு ஏற்ற வீடு என்ற கேள்வியை அந்தக் கணக்கு கேட்பதே இல்லை.

3. நிறுவனம் வீடு தந்த காலம்

வேலைக்கு வந்தவர் தாமே வீடு தேடிக்கொள்ள வேண்டும் என்பது எப்போதும் உள்ள நியதி அன்று. 1955இல் பெரம்பூரில் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலை குடியிருப்புகளோடுதான் வளர்ந்தது. 1956இல் உருவான நெய்வேலி நிறுவனம் வட்டம் வட்டமாக ஒரு நகரையே கட்டியது. திருச்சி பெல் ஊழியர்களுக்குக் கைலாசபுரம் இருந்தது. பணிநியமனக் கடிதத்தோடு குவார்ட்டர்ஸ் வந்தது. பள்ளியும் மருத்துவமனையும் கூட வந்தன.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. குவார்ட்டர்ஸின் அளவு பதவிப் படிநிலையைத் தெருவில் வரைந்து காட்டியது. ஒப்பந்தத் தொழிலாளருக்கு அதில் இடமில்லை. நெய்வேலி நகரத்தின் நிலம் வேறு கிராமங்களின் இழப்பில் கிடைத்தது. ஓய்வு பெற்ற நாளில் வீடும் கைவிட்டுப் போனது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் முறையிடுவது என்பது அங்கே தெளிவாக இருந்தது. சாதி கேட்டு வீட்டை மறுக்கும் வாய்ப்பு ஒதுக்கீட்டு அலுவலருக்குக் குறைவாக இருந்தது. ஒதுக்கீட்டுக்கு வரிசை உண்டு, விதி உண்டு. தலித் ஊழியரும் பிறரும் அடுத்தடுத்த கதவுகளில் வாழ்ந்த தெருக்கள் தமிழ்நாட்டில் முதலில் பரவலானது இத்தகைய நகரியங்களில்தான் என்பது என் கணிப்பு.

நிறுவன வீடு கிடைக்காத ஒற்றை ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருந்தன. ஒரு கட்டில், ஒரு கொடி, தளத்துக்குப் பொதுக் குளியலறை, கீழே மெஸ். வசதி குறைவுதான். ஆனால் மேன்ஷன் அறைக்குச் சிறு முன்பணம் போதும். பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே அடுத்த தெருவுக்குப் போகலாம். ஊரைத் தெரிந்துகொள்ள ஒருவருக்குத் தேவையான இடைத்தங்கல் அது. பெண்களுக்கு அத்தகைய இடங்கள் அன்று மிகக் குறைவு.

தாராளமயத்துக்குப் பின் வந்த நிறுவனங்கள் வீடு கட்டித் தரவில்லை. வீட்டு வாடகைப்படி தந்தன. சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு நகரங்களில் சம்பளத்தில் 50 சதவீதம் வரையும் பிற ஊர்களில் 40 சதவீதம் வரையும் அதற்கு வரிவிலக்குக் கணக்கிடும் முறை நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. நிறுவனத்தின் கடமையாக இருந்த வீடு ஊதியச் சீட்டில் ஒரு வரியாகியது. தண்ணீர், வெள்ளம், பயணம், வீட்டுக்காரர் ஆகிய எல்லாவற்றையும் எதிர்கொள்ளும் பொறுப்பு அந்த ஒரு வரியோடு ஊழியரின் தோளுக்கு மாறியது.

4. சாலையும் சதுப்பும்

தரமணியில் டைடல் பூங்கா 2000இல் திறக்கப்பட்டது. அதன்பின் மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்துக்கு அலுவலகங்கள் வரிசையாக எழுந்தன. அரசு சாலையை அகலப்படுத்தியது, நிலம் ஒதுக்கியது. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பொதுப்போக்குவரத்தும் பின்னால் வரும் என்று விடப்பட்டன. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007இல் வந்தது. அது இந்தச் சாலையின் வடமுனையை மட்டுமே தொடுகிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ தடம், 118.9 கிலோமீட்டர் கொண்ட இரண்டாம் கட்டத்தின் பகுதி. ஒன்றிய அமைச்சரவை அந்தக் கட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது 2024 அக்டோபரில். டைடல் திறந்து 24 ஆண்டுகளுக்குப் பின்!

சாலைக்கு மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் உபரிநீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடலுக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்பின் பெரும்பகுதி கட்டடங்களாகவும் குப்பைமேடாகவும் மாறிவிட்டது. எஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. அங்கே வீடு வாடகைக்கு எடுத்தவர்கள் அசட்டையானவர்கள் அல்லர். அலுவலகத்துக்கு அருகில், கைக்கு எட்டும் வாடகையில், கோட்பாடு சொல்லும் அதே கணக்கைப் போட்டுத்தான் குடியேறினார்கள். வாடகை குறைவாக இருந்ததற்கான காரணத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

வெள்ளத்தின் மறுபக்கம் வறட்சி. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டபோது இந்தச் சாலையின் நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. வீட்டில் தண்ணீர் இருந்ததா? அடுக்ககங்களும் லாரித் தண்ணீரை நம்பியே இருந்தன. நெம்மேலியில் 2013இல் தொடங்கிய ஆலையும் 2024இல் சேர்ந்த இரண்டாம் ஆலையும் கடல்நீரைக் குடிநீராக்கித் தென்சென்னைக்கு வழங்குகின்றன. ஆனால் குழாய் போய்ச்சேராத தெருவுக்கு ஆலையால் நேரடிப் பயனில்லை.

ஆகவே, இப்பகுதிக்கு வருகிறவர் வாடகைக் கணக்கில் மாதாந்தர லாரித் தண்ணீர்ப் பங்கையும் பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு வடகிழக்குப் பருவமழையை வாடகை வீட்டில் கடக்காமல் இங்கே வீடு வாங்குவது தகாது என்பதையும் தயக்கமின்றிச் சொல்வேன். அந்தத் தெருவில் இஸ்திரி போடுபவரிடமும் தண்ணீர் கேன் போடுபவரிடமும் கேட்டால் 2015இலும் 2023இலும் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று கையால் காட்டுவார்கள். விற்பனைக் கையேடுகளைவிட அவர்கள் சொல்வது நம்பகமானது.

5. வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

காசு கொடுப்பவருக்கு வீடு கிடைக்கும் என்ற எடுகோளுக்கு வருவோம். சுகதேவ் தோரட்டும் மூவரும் சேர்ந்து டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் நடத்திய ஆய்வு 2015இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வெளிவந்தது. ஒரே தகுதியுள்ள உயர்சாதி இந்துக்கள், தலித்துகள், முஸ்லிம்கள் தொலைபேசியிலும் நேரிலும் வீடு கேட்டனர். தலித்துகள் மறுக்கப்பட்டனர், முஸ்லிம்கள் அதைவிட அதிகமாக மறுக்கப்பட்டனர், ஒப்புக்கொண்ட வீட்டுக்காரர்களில் பலர் கூடுதல் வாடகையோ நிபந்தனையோ விதித்தனர். அதே வட்டாரத்தில் சௌகதோ தத்தாவும் விக்ரம் பதானியாவும் இணையதளங்கள் வழியாகச் செய்த சோதனை 2016இல் வெளியானது. முஸ்லிம் பெயர்களுக்குப் பதில் அழைப்பு கணிசமாகக் குறைவு என்று அதுவும் கண்டது. பட்டியல் சாதிப் பெயர்களைப் பொறுத்தவரை அதே அளவு தெளிவான பாகுபாடு அதில் தென்படவில்லை.

இரண்டும் முரண்படுகின்றனவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இணையதளச் சோதனை முதல் அழைப்பை மட்டும் அளக்கிறது. தோரட் குழுவின் ஆய்வு வாசல்வரை போகிறது. சாதி தடுக்கும் இடம் எது என்பதில்தான் வேறுபாடு.

தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு கூர்மையாகிறது. இங்கே பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் வழக்கம் பெருமளவு ஒழிந்துவிட்டது. திராவிட இயக்கத்தின் மெய்யான சாதனைகளில் அது ஒன்று. ஆகவே பெயரை வைத்துச் சாதியை அறிய முடியாத வீட்டுக்காரர் வாசலில் விசாரிக்கிறார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“விழுப்புரம் பக்கங்க.”

“விழுப்புரத்துல எங்க? ஊருக்குள்ளயா, வெளியிலயா?”

“உள்ள தாங்க சார்.”

“அப்பா என்ன பண்றாங்க? கறி மீன் சமைப்பீங்களா? குலசாமி எது?”

வீடு தேடி அலைந்த பலர் இந்த உரையாடலைச் சிறுசிறு வேறுபாடுகளோடு சந்தித்திருப்பார்கள். இதில் ஒரு கேள்விகூட வெளிப்படையாகச் சாதியைக் கேட்கவில்லை. ‘ஊருக்குள்ளயா, வெளியிலயா’ என்பதற்குள் ஊர்–சேரிப் பிரிவினை முழுதாக இருக்கிறது. விடை திருப்தி தராவிட்டால், “இன்னொருத்தரு பேசிட்டுப் போயிருக்காரு, கேட்டுட்டுச் சொல்றேன்” என்பார்கள். மறுப்பு மறுப்பாகப் பதிவாவதே இல்லை. பெயர்களை வைத்து நடத்தும் சோதனை இங்கே பாகுபாட்டைக் குறைத்தே காட்டும்.

‘சைவம் மட்டும்’ என்ற அறிவிப்பைச் சிலர் உணவு விருப்பம் என்று நியாயப்படுத்துகிறார்கள். சமையலறை வாசனை உண்மையான சிரமம் என்று சொல்வோரும் உண்டு. அவரவர் நாக்குக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பான்மையோர் அசைவம் உண்பவர்கள் என்ற நிலையில், இந்த ஒற்றை நிபந்தனை யாரை உள்ளே விடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். உணவைக் கேட்கும் கேள்வி சாதியையும் மதத்தையும் வடிகட்டித் தருகிறது.

சட்டம் இதில் வலுவற்றது. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் முதலிய பொது இடங்களைப் பற்றிப் பேசுகிறது. தனியார் வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 2005இல் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், ஒரு சமூகத்தாருக்கு மட்டும் உறுப்பினர் உரிமை என்ற சங்க விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. நடைமுறையில், வாசலில் நடக்கும் விசாரணைக்கு வீட்டுக்காரர் பெரும்பாலும் யாருக்கும் பதில் சொல்ல நேர்வதில்லை.

திருமணமாகாதவர்களும் தனியே வாழும் பெண்களும் வேறொரு விசாரணையைச் சந்திக்கிறார்கள். ‘பேமிலிக்கு மட்டும்’ என்று டூ-லெட் பலகையில் எழுதுவதில் எவருக்கும் கூச்சமில்லை. பெண்களைப் பொறுத்தவரை வீட்டோடு வழியும் சேர்ந்தே தேர்வாகிறது. டெல்லிப் பல்கலைக்கழக மாணவியரை ஆராய்ந்த கிரிஜா போர்க்கர், பாதுகாப்பான வழித்தடத்துக்காகத் தரத்தில் குறைந்த கல்லூரியையும் பெண்கள் ஏற்கிறார்கள் என்று காட்டினார். அது கல்லூரி பற்றிய ஆய்வுதான்; ஆயினும் இரவு 10 மணிக்குப் பணி முடிந்து, பேருந்து நிறுத்தத்திலிருந்து விளக்கில்லாத உள்சாலையில் நடக்கும் பெண்ணுக்கும் அதே தர்க்கம் பொருந்தும். பிரதான சாலையை ஒட்டிய சிறிய வீட்டுக்கு அவர் அதிக வாடகை தருகிறார். அந்தக் கூடுதல் தொகை அவர்மேல் விழும் வரி. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது அந்தச் சுமையின் ஒரு பகுதி குறைந்தது.

6. பத்து மாத முன்பணம்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். மாதம் 18,000 ரூபாய் வாடகை என்றால் முன்பணம் மட்டும் 1,80,000. முதல் மாத வாடகை, புரோக்கருக்கு ஒரு மாதத் தொகை, வண்டிக்கூலி எல்லாம் சேர்த்தால் முதல் சம்பளம் வருவதற்குள் இரண்டு லட்சத்துக்கு மேல் கையைவிட்டுப் போகும். சேமிப்புள்ள பெற்றோர் இருந்தால் கொடுப்பார்கள். இல்லாதவர் வட்டிக்கு வாங்குவார், அல்லது மூவரோடு அறையைப் பகிர்வார்.

இந்தத் தொகை பற்றிய விவாதம் பெரும்பாலும் அநியாயம் என்பதோடு நின்றுவிடுகிறது. அதைவிட ஆழமான விளைவு ஒன்றுண்டு. குடிபோன நாலாம் மாதம் தண்ணீர் புகுந்தாலோ, வீட்டுக்காரர் விருந்தாளிகளை எண்ணத் தொடங்கினாலோ, அலுவலகம் தரமணியிலிருந்து போரூருக்கு மாறினாலோ, வெளியேற இரண்டாவது முன்பணம் வேண்டும். பழையது திரும்பும்வரை புதியதைக் கட்ட முடியாது. பெயின்ட் அடித்தது, குழாய் உடைந்தது என்று பிடித்தம் போகத்தான் பழையது திரும்பும். ஆக, அறியாமையில் எடுத்த முதல் முடிவு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அலான்சோவின் மாதிரியில் மக்கள் சமன்படும் இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருப்பார்கள். இங்கே அவர்கள் முதல் வீட்டிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். ஃப்ரை–ஸ்டட்சர் காட்டிய முரணுக்கும், குறைந்தது சென்னையில், இது ஒரு விடை.

1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வைப்புத்தொகை மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்று அது சொல்கிறது. ஆனால் இருதரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தடையில்லை என்ற வாசகமும் உடன் இருக்கிறது. வீடு தேவைப்படுகிறவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுவார் என்ற நிலையில் இந்த விலக்கு விதியையே விழுங்கிவிடுகிறது. ஒன்றிய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்று வரையறுத்தது. மாநிலம் அந்த விலக்கு வாசகத்தை நீக்குவதே போதுமான முதல் படி. வாடகை வருமானத்தை நம்பி வாழும் முதியவர்களுக்கு முன்பணம் ஒரு காப்பு என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வாடகை கொடுக்காமல் நீதிமன்றத்துக்கு இழுக்கும் குடித்தனக்காரர்களும் இருக்கிறார்கள். அதற்கு மருந்து விரைவாகத் தீர்ப்பளிக்கும் வாடகைத் தீர்ப்பாயம். அதன் வேலையைப் பத்து மாதப் பணம் செய்யக் கூடாது.

7. அதே சாலைக்கு அனுப்பப்பட்டவர்கள்

பழைய மகாபலிபுரம் சாலையின் குடியேற்றத்தைப் பொறியாளர்களோடு முடித்துக்கொள்வது அரைக்கதை. டைடல் திறந்த அதே 2000ஆம் ஆண்டு வாக்கில் துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகரில் மறுகுடியமர்வு தொடங்கியது. இன்று அங்கே 15,000க்கும் அதிகமான வீடுகள். 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி. பின்னர் 20,000 வீடுகளுக்கு மேல் கொண்ட பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல அங்கே கொண்டுபோகப்பட்டன. 1970இல் குடிசை மாற்று வாரியம் உருவானபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குவீடு கட்டித் தருவது முதன்மை நோக்கமாக இருந்தது. வாரியத்தின் பெயர் 2021இல் மாறியது. கொள்கை அதற்கு வெகுமுன்பே மாறிவிட்டது.

ஒரே சாலைக்கு ஒரே காலத்தில் இரண்டு கூட்டம் வந்தது. ஒரு கூட்டம் வேலை கிடைத்ததால் வந்தது. மற்றொன்று வீட்டைப் பெற்று வேலையைத் தொலைத்தது. மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் மூன்று வீடுகளில் வேலை செய்த பெண், 20 கிலோமீட்டர் தள்ளிப் போனபின் காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க முடியாது. ஜான் கெயின் 1968இல் டெட்ராய்ட், சிகாகோ நகரங்களை ஆராய்ந்து, வீட்டுச் சந்தையின் நிறப்பாகுபாடு கறுப்பினத்தவரை வேலையிலிருந்து தொலைவில் நிறுத்துகிறது என்றார். கண்ணகி நகரின் நிலை அதைவிடச் சிக்கலானது. அலுவலகக் கோபுரங்கள் நடை தூரத்தில் இருக்கின்றன. அவற்றில் அவர்களுக்குக் கிடைப்பது துப்புரவும் காவலும்; அதற்கும் முகவரியைப் பார்த்துத் தயங்குவோர் உண்டு. வேலைக்கு அருகில் வாழ்வது நன்மை என்ற பொதுவிதி, எந்த வேலை, யாருக்கு என்று கேட்காதவரை பொருளற்றது.

பொறியாளரின் முதல் வீடு பணத்தால் அவரைக் கட்டுகிறது. இவர்களின் வீடு ஒதுக்கீட்டு ஆணையால் கட்டுகிறது. அதை விற்கவோ வாடகைக்கு விடவோ விதி இடம் தருவதில்லை. விட்டுவிட்டு நகருக்குள் வாடகைக்குப் போனால் ஒதுக்கீடு பறிபோகலாம். அப்படியும் பலர் போனார்கள். ஆக்கிரமிப்பு, முறைகேடு என்று ஆவணங்கள் அதைப் பதிவு செய்கின்றன. வேலையை நோக்கி வீடு மாறுவதைப் பொறியாளர் செய்தால் அதற்குப் பெயர் வாழிடத் தேர்வு.

8. படுக்கை

மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வரும் இளம்பெண்களுக்கு வீடு தேடும் பேச்சே இல்லை. வேலையோடு விடுதியில் ஒரு படுக்கை வருகிறது, நிறுவனப் பேருந்தும் வருகிறது. மகளைத் தனியே அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கு அந்தப் பாதுகாப்பு முக்கியம் என்பதை மறுக்கக் கூடாது. பல பெண்களின் முதல் ஊதியத்துக்கு அதுவே வழி திறந்தது. ஆனால் 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதி ஒன்றில் கெட்ட உணவால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனபோது, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை சில வாரம் நின்றது. விடுதி பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் மாற்ற அவர்களுக்கு வழியில்லை. வேலையையும் விட வேண்டும். எனவே சாலையில் உட்கார்ந்தார்கள்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைச் சிப்காட் திறந்தது. அரசே கட்டியது நல்ல திருப்பம். தரமும் கண்காணிப்பும் முன்பைவிட மேம்படும். ஆயினும் அது படுக்கைகளின் எண்ணிக்கை. திருமணமானால் அங்கே தொடர முடியாது, குழந்தையோடு வாழ முடியாது, அம்மா வந்து ஒரு வாரம் தங்க முடியாது. தொழிலாளர் ஊரில் வேர்விட வேண்டியதில்லை என்ற எண்ணம் கட்டட வரைபடத்திலேயே இருக்கிறது. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான அரசின் ‘தோழி’ விடுதிகள் எனக்கு அதிக நம்பிக்கை தருகின்றன. அவை எந்த நிறுவனத்தோடும் கட்டுண்டவை அல்ல. வேலை மாறினாலும் அறை இருக்கும். அறை மாறினாலும் வேலை இருக்கும். புதிதாக வருபவருக்கு, சில மாதம் தங்கி ஊரைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் இடமாகவும் அவை பயன்படும். முன்பு மேன்ஷன் ஆண்களுக்குத் தந்தது அதைத்தான். ஆண்களுக்கும் குடும்பங்களுக்கும் இத்தகைய குறுகியகால வாடகை இல்லங்களை வேலைப் பகுதிகளில் அரசு கட்டலாம்.

9. வேலை ஊருக்கு வரும்போது

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் சோஹோ 2011 முதல் இயங்குகிறது. விழுப்புரம், சேலம், தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் சிறிய டைடல் பூங்காக்கள் 2024இல் திறந்தன. மக்களை வேலையிடம் கொண்டுவருவதற்குப் பதில் வேலையை மக்களிடம் கொண்டுபோனால் வீட்டுச் சிக்கலே எழாது என்ற வாதம் இப்போது வலுப்பெற்றிருக்கிறது. பெற்றோரைக் கவனிக்க வேண்டியவர்களுக்கும், சென்னை வாடகையில் சம்பளத்தில் பாதியை இழப்பவர்களுக்கும் இது பெரிய ஆறுதல். நானும் இதை வரவேற்கிறேன்.

ஆனால் எல்லோருக்கும் இது ஒரே பொருளில் நன்மை அல்ல. சிறுநகரங்களில் வாசல் விசாரணை தேவையில்லை. எந்தத் தெரு என்றாலே எல்லாம் தெரிந்துவிடும். கிராமத்திலிருந்து படித்து வெளியேறிய தலித் இளைஞருக்குச் சோழிங்கநல்லூர் அடுக்ககத்தில், எத்தனை கேள்விகளைத் தாண்டிப் போனாலும், ஏழாவது மாடியில் எவரும் கண்டுகொள்ளாத ஒரு கதவு கிடைக்கிறது. சாதி கடந்து மணந்தவர்களுக்கு அந்தத் தொலைவு உயிர்க்காப்பு. சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே வேலை என்பது அவர்களுக்குப் பழைய கண்களின் கீழ் திரும்பி வாழ்வதாகலாம். பரவலாக்கம் வேலைக்குச் செய்யப்படும்போது வாடகை வீட்டுக்கும் செய்யப்பட வேண்டும். புதிய பூங்கா அமையும் ஊரில் வீட்டுவசதி வாரியம் வரிசைப்படி ஒதுக்கும் வாடகைக் குடியிருப்பைக் கட்டுமானால், அந்த ஊரின் முதல் கலப்புத் தெருவாக அது அமையலாம்.

உடனே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தங்கள் எழுத்தில் அமைந்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பது அந்தப் பதிவுகளில் இருக்கிறது. பெயர்களை நீக்கி, அவற்றை வார்டுவாரியாக ஆண்டுதோறும் வெளியிடலாம். அதே வார்டில் 2015இலும் 2023இலும் தண்ணீர் ஏறிய உயரத்தையும், குடிநீர்க் குழாய் இருக்கும் தெருக்களையும் அதோடு சேர்க்கலாம். புரோக்கரின் ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து போகும் அந்த ஒரு மாலைக்கு முன், வேலைக்கு வருபவர் கையில் இந்தப் பட்டியல் இருக்க வேண்டும்.